இரண்டு விரல் இறங்கிய வண்டி

"ஆயிடும் சார்" என்கிற ஒரே பதிலை வைத்துக்கொண்டு பாலகுரு ஷார்ஜாவில் பதினோரு வருடத்தை ஓட்டிவிட்டான்.

வேன் எஞ்சினை ஜீப்புக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாலும் ஆயிடும். வியாழக்கிழமை சாயங்காலம் கியர்பாக்ஸில் சத்தம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை காலையில் குடும்பத்தோடு அல் ஐன் போக வேண்டும் என்றாலும் ஆயிடும். அந்த ஊர்ப் பட்டறைகளில் முடியாது என்று சொல்கிறவனை யாரும் திட்டுவதில்லை. பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். அங்கே "நோ ப்ராப்ளம் பாய்" என்று சொல்வதற்கு ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நிற்பான். அதனால் கேட்கிறவர் வாயை மூடுவதற்குள் பாலகுருவின் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மூளை பிறகு மெதுவாக வந்து சேரும்.

கௌரிசங்கர் வந்து கேட்டபோதும் அப்படித்தான் ஆனது. கோயம்புத்தூர்க்காரர். துபாயில் கட்டடக் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. வாரம் முழுக்க வெள்ளைச் சட்டையும் ஹெல்மெட்டுமாக சைட்டில் நிற்கிறவர், வெள்ளிக்கிழமை லீவு வந்தால் சின்னப் பிள்ளையாகிவிடுவார். அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு மியாட்டா கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். ஒன்று புள்ளி ஆறு லிட்டர் எஞ்சின். நம் ஊர் ஆட்டோவை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆனால் திருப்பினால் திருப்பின இடத்தில் திரும்பும்.

அந்த வண்டியை வைத்துக்கொண்டு அவர் ஆட்டோகிராஸ் ஓட்டினார். ஜெபல் அலி பக்கம் பாதி கட்டி நின்றுபோன ஒரு கடைத்தொகுதியின் பார்க்கிங்கில், குளிர்காலத்து வெள்ளிக்கிழமைக் காலைகளில் அது நடக்கும். ஆரஞ்சு நிற ரப்பர் கோன்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். கோன்களுக்கு நடுவே புகுந்து வெளியே வர எத்தனை வினாடி என்பதுதான் கணக்கு. ஒரு கோனைத் தட்டினால் இரண்டு வினாடி கூட்டிவிடுவார்கள். வருடம் முழுக்க ஒரே பாதைதான். கோன் வைக்கும் இடத்தைத் தரையில் பெயிண்ட் அடித்தே வைத்திருந்தார்கள். ஆகவே போன மாதத்து நேரத்தையும் இந்த மாதத்து நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஏமாற்ற முடியாது.

கௌரிசங்கரின் நல்ல நேரம் நாற்பத்தெட்டு வினாடி சொச்சம். எப்போதும் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ வந்தார். நண்பர்கள் சும்மா இருப்பார்களா, எஞ்சின் பத்தாது என்று சொல்லிச் சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுத்தார்கள். இரண்டாயிரத்து ஆறு கடைசியில் ஒரு நாள், விபத்தில் நசுங்கிய ஓர் அமெரிக்க வண்டியின் ஐந்து லிட்டர் எஞ்சினை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். எட்டு சிலிண்டர், பிளாக் முழுக்க இரும்பு.

"இது அதுக்குள்ள உக்காருமுங்களா பாலகுரு?"

"ஆயிடும் சார்."

உட்காருமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. உட்கார்ந்த பிறகு வண்டி என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாலகுருவுக்குச் சொல்லத் தெரியும். கேட்காததற்குப் பதில் சொல்வது அவன் வேலை இல்லை என்று வெகுநாளாக ஒரு சமாதானம் வைத்திருந்தான்.

பட்டறையை நடத்தியவர் செய்கு அலாவுதீன். லைசென்ஸ் ஓர் அரபியின் பெயரில், ஓட்டம் இவருடையது. கீழக்கரைக்காரர். அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். பட்டறையில் இந்து, முஸ்லிம், பெங்காலி, பட்டான் எல்லோருக்கும் அவர் காக்காதான். இரும்பு எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்தவர் அன்று சாயங்காலம் பாலகுருவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த ஒரு வண்டி அந்த மைதானத்துல போயி நிக்கட்டும் தம்பி. பாக்குறவன்லாம் தேடி வருவான். நாலு பேரு வந்தான்னா ஒன் கார்டுல போர்மேன்னு மாத்திர்றேன். நான் சொன்னா சொன்னதுதான்."

இதைக் கேட்டதும் பாலகுருவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம் உண்டு. அவனுடைய லேபர் கார்டில் எழுதியிருந்தது ஹெல்பர். எட்டு சிலிண்டர் எஞ்சினை ஒற்றை ஆளாகப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஹெல்பர் என்று பெயர். வந்த விசா அப்படி, அதையே புதுப்பித்துப் புதுப்பித்து வந்தார்கள். ஹெல்பருக்கு மனைவியைக் கூப்பிட வழியில்லை. போர்மேன் என்று மாறி, அதற்குத் தக்க சம்பளமும் போட்டால் வழி உண்டு. கார்டில் ஒரு வார்த்தை மாறினால் கனகா விமானம் ஏறலாம்.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே ஒரு ஊரில் கனகா இருந்தாள். கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் பாலகுரு கிளம்பி வந்துவிட்டான். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம். கூட்டிப் பார்த்தால் இத்தனை வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்தது பதின்மூன்று மாதம். பிள்ளை இல்லை. அதற்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்கிற வைத்தியத்தை மட்டும் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவள் எப்போது கேட்டாலும் பாலகுரு அடுத்த வருடம் ஆகிவிடும் என்று சொல்லுவான். இந்த முறை உண்மையாகவே ஆகப்போகிறது என்று நினைத்தபோது அவனுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

நான்கு மாத வேலை. மற்ற வண்டிகளுக்கு நடுவில் செய்ய வேண்டும். பழைய எஞ்சினைக் கழற்றி, மவுண்டிங்கை அறுத்து, புதிதாக வெல்டிங் செய்து, ஸ்டியரிங் கம்பி உரசாமல் ஒதுக்கி, இரண்டு ரேடியேட்டரை ஒட்டவைத்து ஒன்றாக்கி... இதையெல்லாம் எழுதிவிடலாம், செய்கிறவனின் இடுப்பு அல்லவா சொல்லும். ஜனவரியில் ஒரு நாள் எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு மெல்ல இறக்கினான். அங்குலம் அங்குலமாக இறங்கி, நான்கு மவுண்டிங்கிலும் போய் அழகாக உட்கார்ந்தது. சங்கிலியைத் தளர்த்தினான். வண்டியின் முன்பக்கம் முனகிக்கொண்டே கீழே போனது.

டயருக்கும் மேலே உள்ள தகரத்துக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தான். இரண்டு விரல் இறங்கியிருந்தது.

அன்றே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இந்த வண்டியின் சாமர்த்தியமெல்லாம் முன்னும் பின்னும் கனம் சமமாக இருந்ததில்தான் இருந்தது. இப்போது மூக்கில் இரும்பைக் கட்டியாகிவிட்டது. நேராக விட்டால் பறக்கும். வளைத்தால் வளையாது, வந்த திசையிலேயே போகும். ஆட்டோகிராஸில் நேரான பாதை எங்கே இருக்கிறது?

சொல்லியிருக்கலாம். மறுநாள் கௌரிசங்கர் வரும்போது இரண்டு விரலையும் காட்டி, "சார், இது வேணாம்" என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அதற்குப் பதில் பாலகுரு சாயங்காலமே பழைய சாமான் கடைகளுக்கு நடந்து போய், ஒரு பெரிய ஜீப்பின் ஸ்பிரிங்கைத் தேடி எடுத்து வந்து, அளவுக்கு வெட்டி முன்பக்கம் போட்டான். வண்டி மறுபடி மட்டமாக எழுந்து நின்றது. கௌரிசங்கர் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குதுங்களே!" என்று அவன் தோளைத் தட்டினார். டீ வாங்கி வரச் சொன்னார். இரண்டு பேரும் பழைய டயர் மேல் உட்கார்ந்து குடித்தார்கள்.

மார்ச் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை வண்டி மைதானத்துக்குப் போனது. காக்கா, பிக்கப்பில் பாலகுருவையும் டூல் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, ஜும்ஆ தொழுகைக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லியபடியே வந்தார். காலை எட்டு மணிக்கே வெயில் தார் மேல் உட்கார்ந்துவிட்டது. இருபது வண்டி இருக்கும். மஹ்மூது என்கிற ஜோர்தான்காரர் கையில் அட்டையோடு வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

கௌரிசங்கர் எஞ்சினைக் கிளப்பியதும் மைதானமே திரும்பிப் பார்த்தது. எலிக்குஞ்சு மாதிரி இருக்கிற வண்டியிலிருந்து அப்படி ஒரு உறுமல். ஆட்கள் டீ கப்போடு ஓடி வந்தார்கள். செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். காக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்து இறங்கியது போல.

முதல் ஓட்டம் ஐம்பத்திரண்டு வினாடி. ஒரு கோனும் போனது, அதற்கு இரண்டு. கிளம்பும்போது பின் டயர் இரண்டும் புகைந்தன, கூட்டம் கைதட்டியது. முதல் வளைவில் ஸ்டியரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. கௌரிசங்கர் கோபத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார், பின்பக்கம் சடாரென்று வெளியே வந்தது. அதைப் பிடித்து நிறுத்தி அடுத்த வளைவுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. இரண்டாவது ஓட்டம் ஐம்பத்தொன்று.

"என் கை சரியில்லீங்க. இவ்வளவு பவருக்கு எனக்குப் பழக்கம் இல்ல" என்றார் கௌரிசங்கர். வேர்த்துக் கொட்டியது. "பாலகுரு, நீங்க பக்கத்துல உக்காருங்க. நான் எங்க தப்புப் பண்றேன்னு பாத்துச் சொல்லுங்க."

தப்பைச் செய்தவனையே கூப்பிட்டுத் தப்பு எங்கே என்று பார்க்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாவது ஓட்டம். அந்த மனிதர் நன்றாகத்தான் ஓட்டினார். சரியான இடத்தில் பிரேக், சரியான இடத்தில் திருப்பல். வண்டிதான் கேட்கவில்லை. முன் டயர்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு அலறுவது பாலகுருவின் கால் வழியாக ஏறியது. மறுபடியும் ஐம்பத்தொன்று.

கடைசி ஓட்டத்துக்கு முன் அரை மணி நேரம் இருந்தது. பாலகுரு தாரில் அட்டையைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தான். முன் டயர் தரையை இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும் என்று, முன்பக்கம் குறுக்கே போகிற கம்பியின் ஒரு முனையைக் கழற்றிக் கட்டிவைத்தான். பின் டயரில் காற்றைக் குறைத்தான். "ரெண்டாவது கியர விட்டு மாத்தவே மாத்தாதீங்க சார். பெடல்ல முட்டை இருக்குன்னு நெனச்சு மிதிங்க." கௌரிசங்கர் அவன் சொன்னது போலவே ஓட்டினார். நாற்பத்தொன்பதரை.

கூட்டம் மறுபடி கைதட்டியது. கௌரிசங்கர் இறங்கி வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சின்ன எஞ்சினில் இதே பாதையை இதைவிட ஒரு வினாடிக்கு மேல் சீக்கிரமாக ஓட்டியிருக்கிறோம் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவருக்கு அதெல்லாம் வராது. பாலகுருவுக்கு மட்டும் வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எட்டாவதாக வந்த வண்டியைச் சுற்றித்தான் எல்லாரும் நின்றார்கள். ஜெயித்தவனைச் சீந்த ஆள் இல்லை. முன்பக்க மூடியைத் திறந்து வைத்து, எட்டு சிலிண்டரையும் எட்டிப் பார்த்து, இன்னொரு தடவை உறுமவிடச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கும் இது மாதிரி வேண்டும் என்று மூன்று பேர் காக்காவிடம் நம்பர் வாங்கினார்கள். காக்கா நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

"மூணு ஆயிருச்சு தம்பி" என்றார் காதருகில். "நாலாவது அந்த டாக்டரம்மா, கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஞாயித்துக்கிழம டைப்பிங் சென்டருக்குப் போயி ஒன் கார்டு மாத்துற பேப்பரக் குடுத்துருவோம். ஒன் வீட்டுக்காரிய ரெடியா இருக்கச் சொல்லு."

கனகாவின் முகம் கண்ணெதிரே வந்து நின்றது. போன் கார்டு பையில்தான் இருந்தது. அங்கேயே ஓரமாகப் போய்ப் பேசிவிடலாமா என்று நினைத்தான். அதற்குள் அந்த டாக்டரம்மா வந்துவிட்டார்.

ஜெயபாரதி, துபாய் தேராவில் பல் டாக்டர். சொந்த ஊர் திருச்சி. கௌரிசங்கரிடம் இருந்த அதே மாதிரி வண்டிதான் அவரிடமும், வெள்ளி நிறம். ஒரு நட்டைக்கூட மாற்றாமல் கடையிலிருந்து வந்தபடியே வைத்திருந்தார். அன்றைக்கு அதில் நாற்பத்தேழே முக்கால் வினாடியில் ஓட்டி இரண்டாவதாக வந்திருந்தார். ஜெயித்தவனுக்கும் அவருக்கும் கண் இமைக்கிற நேரம்தான் வித்தியாசம்.

"அண்ணா, இத நீங்கதான் பண்ணீங்களா?"

"ஆமாங்கம்மா."

"என் வண்டியிலயும் பண்ணலாம்னு எல்லாரும் சொல்றாங்க. உக்காருமான்னு நான் கேக்கல. அதான் உக்காந்திருக்கே, பாத்துட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." கோன்கள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். "இதுக்குள்ள என் வண்டி இப்ப ஓடுறத விட சீக்கிரமா ஓடுமா?"

காக்கா ஒரு பக்கம் நின்றார். கௌரிசங்கர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இன்னொரு பக்கம் நின்றார். வழக்கமான பதில் தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் போதும்.

"ஓடாதும்மா" என்றான் பாலகுரு.

இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நேர்மை என்று மாலை போடவும் வேண்டாம். அலுப்பு. இன்னொரு இரும்பு எஞ்சின், இன்னொரு நான்கு மாதம், இன்னொரு ஜோடி ஜீப் ஸ்பிரிங், அப்புறம் இன்னொருவர் தோளில் தட்டி வாங்கித் தருகிற டீ. இதையெல்லாம் ஒரு நொடியில் நினைத்துப் பார்த்து அவன் உடம்பு மாட்டேன் என்றுவிட்டது. பதினோரு வருடத்தில் யாரும் சரியான கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டவுடன் சரியான பதில் தானாக வந்து விழுந்துவிட்டது.

ஜெயபாரதி, "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டார். நம்பர் வாங்கிய மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. மூன்றாவது ஆள் மலையாளி, அவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததை அவன் மற்ற இரண்டு பேருக்கும் உடனே ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். நல்ல காரியத்துக்கு இப்படி ஓடி வர மாட்டார்கள்.

கௌரிசங்கரின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துபோய்.

"என்னங்க பாலகுரு சொல்றீங்க?"

"முன்னாடி கனம் சார். வளையாது."

"வண்டி மட்டமாத்தானே நிக்குது?"

"அது பெரிய ஜீப்போட ஸ்பிரிங் சார். நாந்தான் போட்டேன். இல்லேன்னா ரெண்டு விரல் எறங்கித்தான் நிக்கும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எஞ்சின எறக்குன அன்னைக்கே."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கு பேர் முன்னால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட பாலகுரு தாங்கிக்கொண்டிருப்பான். கௌரிசங்கர் குரலை உயர்த்தவே இல்லை.

"வாரா வாரம் வந்தனுங்களே. உங்ககூட உக்காந்து டீ குடிச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

நீங்கள் கேட்கவில்லையே சார் என்று வாயில் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெயில் பிடரியில் ஊசியாக இறங்கியது.

"பழைய எஞ்சின் இருக்குதுங்களா, வித்துட்டாங்களா?"

"இருக்கு சார். ஆயில் விட்டு, பிளாஸ்டிக் சுத்தி, மூலையில பத்திரமா வச்சிருக்கேன்."

கௌரிசங்கர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பத்திரமா வச்சிருக்கீங்க. அப்ப ஒரு நாள் நான் கேப்பேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு, "திரும்பி மாட்டிக் குடுங்க" என்று சொல்லி, சாவியை டூல் பெட்டி மேல் வைத்துவிட்டு, ஒரு நண்பரின் காரில் ஏறிப் போனார்.

சிவப்பு வண்டியை மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாக மஹ்மூதிடம் சொல்லிவிட்டுக் காக்கா பிக்கப்பைக் கிளப்பினார். ஏசியை ஒரு தடவை கூட்டினார், ஒரு தடவை குறைத்தார். ஷார்ஜா எல்லை தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"ஒன் மேல கோவம் இல்லப்பா. நீ சொன்னது நெசந்தான், எனக்கும் தெரியும். ஆனா போர்மேன்னு ஒருத்தன வச்சா, அவன் வந்த ஆளப் புடிச்சு உக்கார வைக்கணும். வாசல்ல நின்னு வழியனுப்பக் கூடாதுல்ல?"

"சரி காக்கா."

"தகரம் தட்டி டென்டிங் பாக்குற கௌஸ் முகம்மதுக்கு அந்த எடத்தப் போட்டுர்றேன். கேட்டுக்கிட்டே இருந்தான். ஒனக்கு அடுத்த வருசம் பாப்போம்."

"சரி காக்கா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பாலகுருவை ரொம்ப வாட்டியது. கௌரிசங்கரும் நியாயம், காக்காவும் நியாயம். நடுவில் இவன் ஒருவன்தான் எங்கேயும் சேராமல் நின்றான். பள்ளிவாசல் பக்கம் காக்கா இறங்கிக்கொண்டார். பாலகுரு ரூமுக்கு நடந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூமில் பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் துணி துவைப்பார்கள். பாலகுரு மாடிப்படியில் உட்கார்ந்து போன் கார்டைச் சுரண்டினான். அந்த நேரத்துக்குக் கனகா காத்திருப்பாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க, வண்டி ஓடுச்சா?"

ஓடியது என்றான். பிறகு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். இரண்டு விரலையும் சொன்னான், ஸ்பிரிங்கையும் சொன்னான், அந்த டாக்டரம்மா கேட்டதையும் இவன் சொன்னதையும், கௌஸ் முகம்மதுக்குப் போன இடத்தையும் சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் போனில் பேசியதே கிடையாது. சொல்லி முடித்துவிட்டு, லைன் போய்விட்டதோ என்று "கனகா, கனகா" என்று கூப்பிட்டுப் பார்த்தான்.

"இருக்கேன்" என்றாள். "ஏங்க, நான் ஒண்ணு கேக்கட்டா? அந்த டாக்டரம்மாவுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் சொல்லுங்க. நான் அங்க வரவே முடியாதுல்ல?"

அடுத்த வருடம் பார்ப்போம் என்று காக்கா சொல்லியிருந்தார். அதையே இவளிடம் திருப்பிச் சொல்லலாம், பொய்கூடக் கிடையாது. ஆனால் கௌஸ் முகம்மது போர்மேன் ஆகிவிட்டால் அந்தச் சின்னப் பட்டறையில் இன்னொரு போர்மேனுக்கு இடம் ஏது? அவனுக்கு அது தெரியும்.

"முடியாது கனகா."

அவள் அழுவாள் என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். ஒரு பெருமூச்சுதான் வந்தது, பாரத்தை இறக்கி வைக்கிறவள் விடுகிற மூச்சு.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? தையல் கிளாசுக்குக் கூப்பிட்டாங்க, போகல. பாதியில விட்டுட்டு வரணுமேன்னு. மாடு ஒண்ணு வாங்குன்னு எங்கண்ணன் சொன்னான், வாங்கல. நாம கெளம்புனா யாரு பாப்பான்னு. கெணத்துப் பக்கம் ஓடு ஒழுகுது, நாம இருக்கப்போறது எத்தன நாளைக்குன்னு அதக்கூட மாத்தல. பதினோரு வருசமா நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரியே நின்னுக்கிட்டிருக்கேங்க."

இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பாலகுரு படிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவளுக்கு நம்பிக்கை கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் வருடா வருடம் அப்படிச் சொல்லிவந்தான். அவள் அதை நம்பி, உட்காரக்கூடச் செய்யாமல் நின்றிருக்கிறாள். ஊருக்குப் போனால் என்ன வேலை கிடைக்கும், எப்படிப் பிழைப்பது, எதுவும் அவனுக்குத் தெரியாது. உடம்பில் இருந்த அலுப்பு மட்டும் தெரிந்தது.

அழுகை அடங்கியதும் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"கனகா, அந்த சாரோட வண்டியில பழைய எஞ்சின மாட்டிக் குடுக்கணும். ஒழுங்கா செஞ்சா அஞ்சு வாரம் ஆகும். அத முடிச்சுட்டு வர்றேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொள்வது கேட்டது.

"லீவுக்கா?"

"இல்ல" என்றான் பாலகுரு.